மத்தியானத்துக்கு மேல் பார்ப்பதில்லை

சிவகுருநாதன் மத்தியானத்துக்கு மேல் ஜாதகம் பார்ப்பதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அது தெரிந்த விஷயம். தொலைபேசியில் கேட்பவர்களிடம் அவர் மனைவி குணபூசணி, "காலமை வாங்கோ" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். காரணத்தை வருகிறவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். உச்சி தாண்டினால் கிரகப் பார்வை மாறும் என்றார் ஒருவர். நேரம் தவறிச் செய்யாத மனிதர் என்று கோயிலில் பேசினார்கள்.

மத்தியானத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும். காரணம் அவ்வளவுதான்.

மேல் மாடி வீடு. அதற்கு மேல் கூரை. மதியம் நெருங்கும்போதே சுவர் சுடும். கம்ப்யூட்டர் முதலில் கூடத்தில் ஜன்னலோரம் இருந்தது. அங்கே இருந்தவரை அது நின்றதில்லை. ஆனால் வந்தவர்கள் அதை டீவி என்று நினைத்தார்கள். குழந்தைகள் கார்ட்டூன் போடச் சொன்னார்கள். ஒரு நாள் அவர் அதைச் சாமி அறைக்கு மாற்றினார். அதன் பிறகு வந்தவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார்கள். சிலர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குணபூசணி பட்டுத் துணியில் அதற்கு உறை தைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் யாராவது பூச்சரம் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் போட்டார்கள். விளக்கு அணையாமலிருக்க அவர் மின்விசிறியை நிறுத்திவைத்தார். சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் அந்த அறையை விட்டுப் போகவே இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளர். எழுபதுகளில் அந்த இயந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். குளிருக்குக் கம்பளிச் சட்டை போட வேண்டும். கோப்பிக் கோப்பையோடு வந்த மேலதிகாரி ஒருவரை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். தூசியும் சூடும்தான் எதிரி என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவர்தான் கம்ப்யூட்டரை விபூதிக்கு நடுவில் வைத்தார். அது நிற்கத் தொடங்கியபோது இடத்தை மாற்றவில்லை. நேரத்தை மாற்றினார்.

அன்று சுங்கை பூலோவிலிருந்து இராஜம்மாவும் அவள் மகன் பாலனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். இராஜம்மா கணவனை இழந்தவள். பாலன் ஒரே பிள்ளை. கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடையில் வேலை. பெண்ணை அவனே பார்த்திருந்தான். எதிரில் இருந்த துணிக்கடையில் வேலை செய்தாள். பேசி முடித்தாகிவிட்டது. ஜாதகம் மட்டும் பாக்கி.

"கையால பாக்குறவங்க ஆளப் பாத்துச் சொல்வாங்க சார்," என்றாள் இராஜம்மா. "கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. அதான் இங்க வந்தேன்."

பெண் வீட்டார் காப்பாரிலிருந்து வர வேண்டும். ஃபெடரல் ஹைவேயில் ஒரு லோரி கவிழ்ந்து பஸ் நகரவில்லை. கன்னையாவும் அவர் மகள் சீதாலெட்சுமியும் படியேறி வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. கன்னையா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நேரம் போயிருச்சு," என்றார் சிவகுருநாதன். "இன்னொரு நாள் காலைல வாங்க."

"இன்னொரு நாள் லீவு கிடைக்காது சார்," என்றார் கன்னையா. "வேல வாங்குற மண்டோர் இப்பவே மொறைக்கிறான்."

"காலைலேர்ந்து உக்காந்து எனக்குக் காலு மரத்துப் போச்சு," என்றாள் இராஜம்மா. "ஒரு தடவ பாத்துருங்க சார். கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

அவர் சம்மதித்தார். காலையிலிருந்து நிறுத்தாமல் ஓடிய பெட்டி. அதை அவர் அறிவார். ஒரு தடவைதானே என்று நினைத்தார்.

சாமி அறையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவர் இரண்டு பிறந்த தேதிகளையும் நேரங்களையும் அடித்தார். திரையில் பச்சை எழுத்தில் கட்டங்கள் வந்தன. பொருத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தினம், கணம், யோனி, ராசி. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி என்ற குறி. கன்னையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மகள் மெல்லிய குரலில் வாசித்துச் சொன்னாள். பாலன் தலையைக் குனிந்து சிரித்தான்.

ரஜ்ஜு என்ற சொல் வந்தது. அதற்கு எதிரே குறி வரவில்லை.

காத்திருந்தார்கள். துடித்துக்கொண்டிருந்த சின்னக் கோடு நின்றுபோயிருந்தது. சிவகுருநாதன் ஒரு விசையை அழுத்தினார். எழுத்துப் பலகையில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. பட்டு உறையை லேசாக விலக்கிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். கையை வேட்டியில் துடைத்தார்.

"என்னா சார்?" என்றாள் இராஜம்மா. "ரஜ்ஜுன்னா தாலி பலம்தானே?"

"ஆமா."

"அதுலயா நின்னுச்சு?"

பெட்டி சூடாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் சூடானது, எத்தனை நாளாக, அதற்காகத்தான் காலையில் வரச் சொன்னீர்களா. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாக்கணும்," என்றார்.

பாக்கணும் என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இராஜம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாலன் அம்மாவைப் பார்த்தான். அவனும் எழுந்தான். சீதாலெட்சுமி இன்னும் திரையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்துக் கன்னையா தனியாக வந்தார். அன்று மோட்டார் சைக்கிளில். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவங்க வேணாம்னுட்டாங்க சார். அது போகட்டும். அப்புறம் கிள்ளான்லேர்ந்து ஒரு எடம் கேட்டு வந்தாங்க. விஷயம் காதுல விழுந்து அவங்களும் நின்னுட்டாங்க. கம்ப்யூட்டரே நின்ன பொண்ணுன்னு பேர் வச்சிருக்காங்க கம்பத்துல, ஊர்க்காரங்க. கடையிலயும் பேசுறாங்களாம்." அவர் தொண்டையைச் செருமினார். "என்னா தோஷம் சார் அது? சொன்னீங்கன்னா பரிகாரம் பண்ணிரலாம்."

சிவகுருநாதன் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நவக்கிரகத்துக்கு விளக்கு போடச் சொல்லுங்க," என்றார்.

"எத்தன விளக்கு சார்?"

"ஒம்போது."

"நல்லெண்ணெயா?"

"நல்லெண்ணெய்."

கன்னையா திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கீழே கேட்டது.

குணபூசணி அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஏனப்பா அந்தாளை விளக்குப் போடச் சொன்னனீங்கள்?"

"வேறென்ன சொல்லுறது?"

"பெட்டி சூடெண்டு சொல்லியிருக்கலாம்."

"அண்டைக்கு நாலு பேருக்கு முன்னால..."

"இண்டைக்கு நாலு பேர் இல்லை. அந்த மனுசன் தனியத்தான் வந்தது."

அவர் எழுந்து சாமி அறைக்குள் போனார். அவள் வாழைப்பழத்தை எடுக்கவில்லை. அது சாயங்காலம் வரை வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் அவர் பட்டு உறையை எடுத்தார். பூச்சரம் காய்ந்து பெட்டியின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். சூட்டை வெளியேற்றும் சின்ன விசிறியின் இறக்கைகளில் விபூதியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தன. ஒரு மல்லிகைப் பூ கம்பி வலையில் ஒட்டிக் கருகியிருந்தது. விரலால் விசிறியைத் தள்ளினார். அரைச் சுற்று சுற்றி நின்றது.

அலுவலகக் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்த காலத்தில் இப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் அவர் அதைக் கவனித்தவரைக் கூப்பிட்டு நிற்கவைத்திருப்பார்.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் துடைத்தார். துணியில் ஸ்பிரிட் நனைத்து இறக்கைகளைத் துடைத்தார். கூடத்துக்குத் தூக்கிவந்து, ஜன்னலோரம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். ஆனாலும் சூடு மட்டும்தான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. பழைய வழக்கம் அது. மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டும். தகவல் சேமிக்கும் வன்தட்டு நிரம்பியிருந்தாலும் நிற்கும். பார்த்தார், இடம் இருந்தது. யாராவது கொண்டுவந்த டிஸ்கெட்டில் வைரஸ் இருந்தாலும் நிற்கும். இந்தப் பெட்டியில் வெளி டிஸ்கெட் எதையும் அவர் போட்டதில்லை. நினைவகச் சில்லு சரியாக உட்காராவிட்டாலும் நிற்கும். அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. பிறகு பாலன், சீதாலெட்சுமி இருவரின் விவரங்களை அடித்தார். காலையில் ஓடியது. மத்தியானம் ஓடியது. வெயில் இறங்கும்வரை திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பஞ்சாங்கத்தை எடுத்துக் கையாலும் கணக்குப் போட்டார். ரஜ்ஜு பொருந்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்குப் போனார். இராஜம்மா மைலோ கலந்து கொடுத்தாள். அவர் சொல்வதை முழுக்கக் கேட்டாள்.

"சார் பெரிய மனுஷன்," என்றாள். "அந்தப் புள்ள மேல பாவப்பட்டுச் சொல்றீங்க."

"இல்லம்மா. பெட்டிக்குள்ள தூசி அடைச்சிருந்துச்சு. சூட்டுல நின்னுச்சு. அந்தப் பொண்ணு ஜாதகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப எங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு ஏன் நிக்கல? ராசியில நிக்கல, கணத்துல நிக்கல. ரஜ்ஜுல வந்து நின்னுச்சு. நான் தாலி அறுத்தவ சார். எனக்குத்தான் தெரியும்."

பாலன் கதவோரம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"ஒரு தடவ வீட்டுக்கு வாங்க," என்றார் சிவகுருநாதன். "யார் ஜாதகத்தப் போட்டாலும் நிக்கும். நான் நிக்க வச்சுக் காட்டுறேன். மத்தியானம் வாங்க."

இராஜம்மா அவரை விநோதமாகப் பார்த்தாள். "மத்தியானமா?"

"மத்தியானம்தான்."

கன்னையாவுக்கும் சொல்லியனுப்பினார்; அவருக்கு லீவு கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. இரு வீட்டாரும் வந்தார்கள். கன்னையா வெளுத்த சட்டை போட்டிருந்தார். சீதாலெட்சுமி நெற்றியில் விபூதி பூசியிருந்தாள்.

முதலில் கூடத்தில் ஓட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. பொருத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கி முடிந்தன. பிரிண்டர் கரகரவென்று அடித்துக் காகிதத்தைத் தள்ளியது. இராஜம்மா அதைத் தொடவில்லை.

"இது இங்க ஓடுது சார். அன்னிக்கு நின்னது சாமி முன்னாடி."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குள் போனார். பழைய இடத்தில் சுவரோடு ஒட்டி வைத்தார். பட்டு உறையைப் போட்டார். காற்று வெளியே போகும் இடத்தில் ஒரு துண்டைத் திணித்தார். விளக்கை ஏற்றினார். மின்விசிறியை நிறுத்தினார். பாயில் எல்லோரும் அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

"இப்ப யார் ஜாதகம்?" என்றாள் இராஜம்மா.

"என்னோடது. என் மனைவியோடது."

குணபூசணி திரும்பிப் பார்த்தாள்.

முதல் தடவை முழுக்க ஓடியது. இரண்டாவது தடவையும் ஓடியது. ரஜ்ஜுவுக்கு எதிரே சரி என்ற குறி விழுந்தது. அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி ஓடியது. வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து எழுத்துப் பலகையில் சொட்டியது. கன்னையா அட்டையால் விசிறிக்கொண்டார். வாழ்நாளில் முதல் முறையாக அந்த இயந்திரம் நிற்க வேண்டும் என்று சிவகுருநாதன் காத்திருந்தார்.

"அது நிக்காது போல லா," என்றாள் இராஜம்மா. "சார் பாவம்."

"கொஞ்சம் பொறுங்க."

மறுபடி அழுத்தினார். மறுபடி. கணம் என்ற சொல் வந்தது. அடுத்த சொல் பாதிதான் வந்தது. கோடு துடிப்பதை நிறுத்தியது. விசையை அழுத்தினார். எழுத்துப் பலகையில் விளக்கு எரியவில்லை.

கன்னையா விசிறுவதை நிறுத்தினார். இராஜம்மா குணபூசணியைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, உங்க தாலிக்கு என்னா ஆச்சு?"

"தாலி இருக்குது," என்றாள் குணபூசணி. "துணியைத்தான் அவர் எடுக்கேல்ல."

இராஜம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னையாவும் சிரித்தார். இராஜம்மா முட்டி போட்டு முன்னால் வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். "அய்யே, தோசைக்கல்லு மாதிரி இருக்கு," என்றாள். கையை உதறினாள். பாலனைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள். அவனும் தொட்டான்.

"தெரியாமப் போச்சு சார்," என்றாள். "உங்களுக்கே அப்புறம்தானே தெரிஞ்சிருக்கு. நாங்க எம்மாத்திரம்." கன்னையாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. தை பொறக்கட்டும், நாள் பாத்துருவோம்."

கன்னையா கை கூப்பினார். கண்கள் ஈரமாக இருந்தன.

உங்களுக்கே அப்புறம்தானே தெரிஞ்சிருக்கு. சிவகுருநாதன் அந்த வார்த்தையை மறுக்கவில்லை. அதை மறுத்து இனி என்ன ஆகப்போகிறது. கல்யாணம் கூடிவிட்டது. துண்டை உருவி எடுக்கப் பெட்டியின் பின்னால் குனிந்தார்.

"அங்கிள்," என்றாள் சீதாலெட்சுமி.

அவர் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க பெட்டி மேல கை வச்சீங்க. சுட்டுச்சா?"

விளக்குத் திரி பொரிந்தது. குணபூசணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுட்டுச்சு," என்றார்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சீதா," என்றார் கன்னையா.

"இருங்கப்பா. ஏன் அங்கிள் சொல்லல? வாராவாரம் விளக்கு போட்டேன். அதையும் நீங்கதான் சொன்னீங்களாம்."

அவர் என்ன சொல்வது என்று தேடினார். கடைசியில் இருந்ததைச் சொன்னார்.

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எங்க முன்னாடியா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். காப்பாரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு லோரி டிரைவர், துணிக்கடைப் பெண். அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய மனிதருக்கு என்ன வெட்கம் என்று கேட்டாள். இப்போதுதான் வெட்கமாக இருந்தது. அன்று இருந்தது வேறு ஏதோ.

சீதாலெட்சுமி பாலன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அன்னிக்கு ஒண்ணும் கேக்கல."

பாலன் பாயின் ஓரத்தைப் பார்த்தான். "அம்மா எழுந்தாங்க," என்றான்.

"விடும்மா," என்றாள் இராஜம்மா. "எல்லாம் சரியாயிடுச்சு. தையில நாள் பாத்துருவோமா?"

சீதாலெட்சுமி எழுந்து பாவாடையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"பாக்கணும் ஆன்டி," என்றாள்.

இராஜம்மாவின் முகம் மாறியது. கன்னையா மகளைப் பார்த்தார், பிறகு சிவகுருநாதனைப் பார்த்தார். கும்பிடக் கை எடுத்தவர் பாதியிலேயே இறக்கிவிட்டார். அப்பாவும் மகளும் முதலில் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து இராஜம்மாவும் பாலனும் இறங்கினார்கள். பிரிண்டர் அடித்த காகிதம் கூடத்தில் கிடந்தது. யாரும் எடுத்துப் போகவில்லை.

சிவகுருநாதன் பாயில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பாதிச் சொல்லோடு அப்படியே நின்றது.

"துணியை எடுங்கோ," என்றாள் குணபூசணி.

அவர் உறையை எடுத்து மடித்தார். துண்டை உருவினார். பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார். குணபூசணி உறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கத்தரிக்கோல் பட்டுத் துணியை வெட்டும் சத்தம் கேட்டது.

தொலைபேசி அடித்தது. எப்போதும் அவள்தான் எடுப்பாள். இம்முறை அவள் வரவில்லை. அவரே எடுத்தார்.

கிள்ளானிலிருந்து ஒருவர். மகனுக்கு ஜாதகம் பார்க்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டாராம். சாருடைய நேம நிஷ்டையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களாம்.

"அது நேமம் இல்ல," என்றார் சிவகுருநாதன். "மத்தியானத்துல என் கம்ப்யூட்டர் சூடாகி நின்னுடும். அதான் காலைல வரச் சொன்னேன். நான் அத ஒழுங்கா வச்சுக்கல. இப்ப சரி பண்ணிட்டேன். எப்ப வேணும்னாலும் வரலாம்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"பெரியவங்க ஜோக் அடிக்கிறீங்க லா. உண்மையான காரணம் எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீங்க, தெரியும். நல்ல நேரம் எதுன்னு மட்டும் சொல்லுங்க சார், வரேன்."

அவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.